பல்லியும் இல்லை, சூடும் இல்லை

போன செவ்வாய்க்கிழமை காலை, கடலூரிலிருந்து பாண்டிச்சேரி போகிற பஸ்ஸில், கன்னியக்கோயில் தாண்டி கிருமாம்பாக்கம் வருவதற்குள் அது ஆரம்பித்துவிட்டது. கீழுதட்டின் இடது ஓரத்தில் ஒரு சிற்றெறும்பு ஊர்கிற மாதிரி. செல்போன் கேமராவைத் திருப்பிப் பார்த்தேன், உதடு சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது வருஷப் பழக்கம், எனக்குத் தெரியாதா. கைப்பையில் எப்போதும் கிடக்கும் மாத்திரை அட்டையைத் தேடி எடுத்துத் தண்ணீர் குடித்தேன். பக்கத்தில் இருந்த அக்கா "பஸ்ல தலை சுத்துமாம்மா?" என்றார். "இல்லக்கா, உதட்டுல புண்ணு வரப்போவுது" என்றேன். என் உதட்டை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்பது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. புண் வருவதற்கு முன்னால் புண்ணுக்கு மாத்திரை போடுகிற ஆளை நானும் என் நாற்பதாவது வயது வரை பார்த்ததில்லை. உதட்டுப் புண் என்றால் அது வெளியே வந்து, நாலு பேர் பார்த்து, "என்னாச்சு?" என்று கேட்ட பிறகு வைத்தியம் பார்க்கிற சமாச்சாரம் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அந்த நினைப்பினால் நான் வீணடித்த வருஷங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதல் ஞாபகம் ஆறாம் வகுப்பு. திருப்பாதிரிப்புலியூரில் ஆயா வீட்டில் தூங்கி எழுந்தபோது உதட்டோரத்தில் கொத்தாக நீர்க்கொப்புளம். "பல்லி மூத்திரம் பட்டுடுச்சி" என்றார் ஆயா, சந்தேகமே இல்லாத குரலில். பெரியம்மாவுக்கு அதில் உடன்பாடில்லை, அது எட்டுக்கால் பூச்சிதான் என்றார். அம்மா மூன்றாவது கட்சி, எல்லாம் உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவைத்துக் குடித்தால் சரியாகிவிடும். கடைசியில் ஆயா ஜெயித்து, என்னைக் குயவர் வீட்டுக்கு அழைத்துப்போனார். எங்கள் பக்கம் அக்கி வந்தால் குயவரிடம் போய் எழுதிக்கொள்வார்கள். அவர் காவியைக் குழைத்து மந்திரம் மாதிரி ஏதோ முணுமுணுத்தபடி வாயைச் சுற்றி எழுதினார். செம்மண் மீசையோடு பள்ளிக்கூடம் போன அந்த மூன்று நாள் அவமானம் தனிக்கதை. ஆனால் எட்டாம் நாள் புண் போய்விட்டது, ஆயாவுக்கு வெற்றி.

இதில்தான் விஷயமே இருக்கிறது. இந்தப் புண் எதுவும் செய்யாமல் விட்டாலே ஏழிலிருந்து பத்து நாளில் தானாகவே ஆறும். சில சமயம் இரண்டு வாரம் இழுக்கும், அவ்வளவுதான். ஆகவே காவி பூசினாலும், வெந்தயம் குடித்தாலும், பல்லியைத் துரத்தினாலும் எட்டாம் நாள் வெற்றி யாருக்காவது கிடைத்தே தீரும். எங்கள் வீட்டில் ஒவ்வொருவரிடமும் ஒரு கைகண்ட மருந்து இருந்ததற்கு இதுதான் காரணம்.

அப்புறம் வருஷத்துக்கு இரண்டு, மூன்று முறை வர ஆரம்பித்தது. பரீட்சை சமயத்தில் வரும். காய்ச்சல் வந்தால் கூடவே வரும். மாதவிலக்குக்கு முந்தின நாள் வரும். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு வந்து, ஆல்பத்தில் எல்லாப் போட்டோவிலும் நான் முகத்தை ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டு நிற்பேன். ரொம்ப மோசமாக வந்தது தானே புயலின்போது. 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததே, அது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, விடிந்தால் தெருவில் மரம், கம்பம், ஓடு எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் அடியோடு சாய்ந்து, அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசாமலே இருந்தார். கரண்ட் இல்லாமல், தண்ணீருக்குக் குடத்தோடு அலைந்துகொண்டிருந்த நாலாவது நாள் மேலுதடு, கீழுதடு, மூக்கடி மூன்றிலும் கொப்புளம். வாயைத் திறந்தால் பொருக்கு வெடித்து ரத்தம். அந்த நேரத்தில் இதைப் போய் யாரிடம் காட்டுவது? வாயை மூடிக்கொண்டிருந்தேன், இரண்டு அர்த்தத்திலும்.

நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம் அதற்கு அப்புறம்தான். ஒரு மருந்துக்கடையில் போய் உதட்டில் புண் என்று சொல்ல, முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் ஒரு டியூப் எடுத்துக் கொடுத்தார்கள். படர்தாமரை, அரிப்பு, தேமல் எல்லாவற்றுக்கும் கொடுக்கிற அதே டியூப்தான். போட்டவுடன் எரிச்சல் அடங்கியது, சந்தோஷமாக இரண்டு நாள் தடவினேன். மூன்றாம் நாள் புண் தாடை வரை பரவியது. அந்த டியூபில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்டீராய்டு அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பை அமுக்கிவிடும், சிவப்பும் வலியும் குறைகிற மாதிரி இருக்கும், அடியில் கிருமிக்குக் கொண்டாட்டம். உதட்டில் கொப்புளம் வரும்போது, வீட்டில் கிடக்கிறதே என்று தோல் கிரீம் எதையும் எடுத்துத் தடவாதீர்கள். இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை.

தாடை வரை வந்த பிறகுதான் பாண்டிச்சேரியில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட இதே இடத்துலதானே வருது? வர்றதுக்கு முந்தின நாள் அங்க குறுகுறுன்னு இருக்குமே?" என்று கேட்டார். எனக்கு ஜாதகம் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

இது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்கிற வைரஸ், அதில் முதல் வகை. பெயரைக் கேட்டதும் எனக்குக் காது சூடானது, ஏனென்றால் அந்தப் பெயரைப் பால்வினை நோய் விளம்பரங்களில்தான் பார்த்திருந்தேன். அவர் சிரித்தார். பெரும்பாலும் இது சின்ன வயசிலேயே ஒட்டிக்கொள்வதாம், சொந்தக்காரர் யாராவது ஆசையாகக் கொடுத்த முத்தத்தில். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேரின் உடம்பில் இந்த முதல் வகை இருக்கிறது, அதாவது நூற்றுக்கு 64 பேர். பெரும்பாலானோருக்குத் தெரியவே தெரியாது, என்னைப் போன்ற சிலருக்கு மட்டும் உதட்டில் போர்டு மாட்டிவிடுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து நான் பொத்திப் பொத்தி மறைத்த ரகசியம், பஸ்ஸில் பாதிப் பேருக்கு மேல் சுமந்துகொண்டு போகிற ஒன்று.

அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கும் பதில் கிடைத்தது. புண் ஆறினாலும் வைரஸ் போவதில்லை. உதட்டிலிருந்து நரம்பு வழியாகவே மேலே ஏறி, காதுக்கு முன்பக்கம் உள்ளே தள்ளி மண்டையோட்டுக்குள் இருக்கிற, முகத்தின் உணர்வு நரம்பு முடிச்சு ஒன்றில் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே அது சும்மா தூங்குகிறது. காய்ச்சல், தூக்கமின்மை, மனக்கவலை, மாதவிலக்கு, கடும் வெயில், பல் பிடுங்குவது, உதட்டில் அடி என்று ஏதாவது ஒன்று எழுப்பிவிட்டால் அதே நரம்பு வழியாக இறங்கி வரும். இறங்கும் வழி அதே என்பதால் இடமும் கிட்டத்தட்ட அதேதான். எறும்பு ஊர்கிற அந்தக் குறுகுறுப்பு, அது வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கான அறிகுறி. அம்மா சொன்ன "உடம்புச் சூடு" முழுப் பொய்யும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது, காய்ச்சலும் வெயிலும் சூடுதானே. பல்லி மட்டும் பாவம்.

குறுகுறுப்பிலிருந்து ஒரு நாள், சில சமயம் சில மணி நேரத்திலேயே அந்த இடம் சிவந்து தடிக்கும். அடுத்து, குண்டூசித் தலை அளவில் நீர்க்கொப்புளங்கள் கொத்தாக. இரண்டு நாளில் அவை உடைந்து கசியும். வலி அதிகமும் தொற்று அதிகமும் அப்போதுதான். பிறகு மஞ்சளும் பழுப்புமாகப் பொருக்குக் கட்டி, உதிர்ந்து, தழும்பில்லாமல் மறையும். பொருக்கைப் பிய்க்காமல் இருந்தால் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு எல்லா வாய்ப்புண்ணுக்கும் யாராவது வைரஸ் மாத்திரை தேடினால் பாவம் எனக்கு. கன்னத்தின் உட்பக்கம், நாக்கு ஓரம், உதட்டின் உள்ளே வெள்ளையாகக் குழி விழுந்து சுற்றிச் சிவந்திருக்குமே, ரசம் பட்டால் உயிர் போகுமே, அது வேறு. அது தொற்றாது, அதற்கு வைரஸ் மருந்தும் வேலை செய்யாது. அடிக்கடி வந்தால் இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம் குறைவா என்று ரத்தத்தில் பார்க்கச் சொல்வார்கள். மணத்தக்காளிக்கீரையை அதற்குத்தான் சாப்பிடுகிறோம். கடைவாயில் இரண்டு பக்கமும் வெடித்து, வாயைத் திறந்தால் கிழிகிற மாதிரி இருந்தால் அது இன்னொன்று, பூஞ்சை சேர்ந்திருக்கலாம், சத்துக் குறைவாக இருக்கலாம், பல்செட் வைத்திருக்கிற பெரியவர்களுக்கு நிறைய வரும். சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கடியில் தேன் காய்ந்த மாதிரிப் பொருக்கு வந்து வேகமாகப் பரவினால் பாக்டீரியா, அதற்கு ஆன்டிபயாட்டிக். என் புண்ணுக்கு அடையாளம் முன்கூட்டிய குறுகுறுப்பு, கொத்துக் கொப்புளம், அதே இடம். மூன்றும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் இதுதான்.

இரண்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வலியே இல்லாமல் கெட்டியாக இருக்கிற புண், புகையிலை போடுகிறவர் உதட்டில் வருகிற புண், இதையெல்லாம் நானோ என் பதிவோ தீர்மானிக்க முடியாது. நேரே மருத்துவரிடம் காட்டுங்கள், புற்றுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். எங்கள் தெருவில் ஒரு மாமா "சூட்டுப் புண்ணு" என்றே ஐந்து மாதம் ஓட்டினார். அதற்கு மேல் எழுத மனசில்லை.

சரி, மருந்து. இந்த வைரஸுக்கென்றே இருக்கும் மருந்தின் பெயர் அசைக்ளோவிர். ஆராய்ச்சிப் பட்டம் முடிக்காமலே கெர்ட்ரூட் எலியன் என்கிற அமெரிக்கப் பெண்மணி மருந்து வேதியியலில் பெரிய பெரிய வேலைகள் செய்தார். அவருடைய குழுவிலிருந்து வந்தது இது. 1988இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர். மருந்து வேலை செய்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சும்மா இருக்கிற செல்லில் அது ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. வைரஸ் புகுந்து வேலை செய்கிற செல்லுக்குள் போனால், வைரஸின் சொந்த நொதியே அதை முடுக்கிவிட்டு, வைரஸ் தன்னை நகலெடுப்பதை நிறுத்திவிடும். திருடன் கையாலேயே கதவைப் பூட்ட வைப்பது போல.

இதிலிருந்தே மீதியும் புரியும். நரம்பு முடிச்சில் வைரஸ் தூங்கும்போது நகலெடுப்பதில்லை, அதனால் மருந்து அதை அங்கே போய்ப் பிடிக்க முடியாது. அடியோடு ஒழிக்கிற மருந்து இன்றைக்கு இல்லை, யாராவது விற்றால் வாங்காதீர்கள். அதே மாதிரி, நகலெடுப்பதெல்லாம் முதல் ஒன்றிரண்டு நாளிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். பொருக்குக் கட்டின பிறகு மாத்திரை போடுவது, பஸ் போன பிறகு டிக்கெட் எடுக்கிற கதை. நானோ நாற்பது வயது வரை பஸ் போன பிறகுதான் ஸ்டாண்டுக்கே போயிருக்கிறேன்.

கிரீம் இருக்கிறது, 5 சதவீத அசைக்ளோவிர், ஒரு நாளைக்கு ஐந்து முறை, நாலைந்து நாள். நேர்மையாகச் சொன்னால் அதில் மிச்சமாவது அரை நாளிலிருந்து ஒரு நாள், அதுவும் ஆரம்பத்திலேயே போட்டால். மாத்திரையும் மந்திரமில்லை, ஆனால் ஒரே நாளில் முடிகிறது. எனக்கு எழுதிக் கொடுத்தது வாலசைக்ளோவிர், உடம்புக்குள் போய் அசைக்ளோவிராக மாறுகிற மாத்திரை. குறுகுறுப்பு தெரிந்தவுடன் 2 கிராம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், அவ்வளவுதான். 500 மில்லிகிராம் மாத்திரையாக வைத்திருப்பதால் ஒரு வேளைக்கு நாலு. முதல் தடவை நாலு மாத்திரையை ஒன்றாக முழுங்கப் பயந்து மருத்துவருக்குப் போன் செய்தேன், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அளவு குறையும், கர்ப்பிணிகள், குழந்தைகள் கணக்கு வேறு. ஆகவே என் அளவைப் பார்த்து நீங்கள் போடாதீர்கள். புண் இல்லாத ஒரு நாளில் போய் மருத்துவரைப் பார்த்து, "அடுத்த தடவை வந்தால் போட முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். குறுகுறுப்பு வருவது எப்போதும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான். வருஷத்துக்கு ஆறு தடவைக்கு மேல் வருகிறவர்களுக்குத் தினமும் சின்ன அளவில் சில மாதம் கொடுப்பதும் உண்டு. எனக்கு நாலு தடவைதான் என்பதால் தேவையில்லை என்றார்.

கூடவே ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தால் வீக்கம் அடங்கும், வலிக்குப் பாராசிட்டமால், பொருக்கு வெடிக்காமல் வாசலைன். பேஸ்ட், சுண்ணாம்பு, எலுமிச்சை, உப்பு எல்லாம் நான் பரிசோதித்தாயிற்று, உதட்டைத்தான் புண்ணாக்கிக்கொண்டேன்.

தடுப்பது எப்படி என்று கேட்டால், தூக்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் வெயிலைப் பற்றிச் சொல்லலாம். மாசி மகத்துக்கு வருஷா வருஷம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும். காலையிலிருந்து மத்தியானம் வரை மணலில் நின்று சேவித்துவிட்டு வந்தால் அடுத்த இரண்டு மூன்று நாளில் எனக்கு உதட்டில் கொப்புளம், தப்பாது. சாமி குத்தம் என்று ஆயா முடிந்து வைத்த மஞ்சள் துணிக்காசு இன்னும் பூஜை அறையில் இருக்கிறது. மூன்று வருஷமாக எஸ்.பி.எஃப். 30 உள்ள உதட்டுத் தைலம் பூசி, தலையில் முந்தானையும் போட்டுக்கொண்டு போகிறேன், மாசி மகத்துக் கொப்புளம் இதுவரை வரவில்லை. காசையும் எடுக்கவில்லை, இருக்கட்டும்.

இணையத்தில் முந்திரி, வேர்க்கடலை சாப்பிடக்கூடாது, அதிலிருக்கும் ஆர்ஜினின் வைரஸுக்குத் தீனி, லைசின் மாத்திரை போடு என்று நிறையப் படிப்பீர்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பண்ருட்டி முந்திரி வீட்டுக்கு வருகிற ஊரில் இருந்துகொண்டு, ஆதாரமில்லாத பேச்சுக்காக நான் முந்திரியை விடுவதாக இல்லை.

விட்டது முத்தத்தைத்தான். புண் இருக்கும்போது நேரடியாகப் படுவதுதான் முக்கியமாகத் தொற்றும் வழி, அதனால் குறுகுறுப்பு தொடங்கியதிலிருந்து தோல் முழுசாக ஆறும்வரை யாருக்கும் முத்தம் கிடையாது, டவல் தனி, உதட்டுச்சாயம் தனி. டம்ளரை நம் வழக்கப்படி அண்ணாந்து குடித்தால் போதும். மருந்து தடவிய கையை உடனே கழுவுகிறேன், முக்கியமாகக் கண்ணைத் தொடுவதற்கு முன்னால். இதே வைரஸ் கண்ணின் கருவிழிக்குப் போனால் தழும்பு விழுந்து பார்வையே மங்கலாம். புண் இருக்கிற நாளில் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பட்டால் கூசினால் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டிருக்காமல் கண் மருத்துவரிடம் ஓடுங்கள். எங்கள் பஸ் தடத்திலேயே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, தூரம் என்று சாக்குச் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட பயம் பச்சைக்குழந்தைதான். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு இது தொற்றினால் மூளை, ஈரல் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். போன வருஷம் தங்கச்சி குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்று என் உதட்டில் காயாத புண். குழந்தையை மடியில் வாங்காமல் கதவோரம் நின்றேன். அத்தை கூடத்தில் எல்லோர் முன்னாலும், "என்னடி, பெரியம்மாக்காரி, புள்ளையத் தொட மாட்டேங்கற, மனசுல என்ன வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டார். அத்தனை பேர் நடுவில் வைரஸ் பாடம் எடுக்கவா முடியும். தங்கச்சிதான் அறைக்குள்ளிருந்து, "நான்தான் அத்தை வேணாம்னு சொன்னேன், அக்காவுக்கு உதட்டுல புண்ணு" என்றாள். அதற்குப் பிறகு அத்தைக்கு என் மேல் இருந்த கோபம் தங்கச்சி மேல் திரும்பி, இன்னும் தணியவில்லை. குழந்தை நன்றாக இருக்கிறாள், இப்போது நடக்கிறாள், ஆறின பிறகு போய்ச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமைப் புண் என்ன ஆயிற்று என்றால், கிருமாம்பாக்கத்தில் நாலு, ராத்திரி வீட்டில் நாலு. புதன் அன்று லேசாகத் தடித்தது, ஒரே ஒரு கொப்புளம் வந்து அப்படியே வற்றியது. எல்லாத் தடவையும் இவ்வளவு சுலபமாக நடக்காது, போன தடவை மாத்திரை போட்டும் முழுசாக வந்தது. இன்று சனிக்கிழமை, கண்ணாடியில் கடுகளவு பொருக்கு இருக்கிறது. அட்டையில் இரண்டு மாத்திரைதான் மிச்சம், அதன் தேதியும் அடுத்த மாதத்தோடு முடிகிறது. திங்கட்கிழமை சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.